எடுக்காத பொட்டலம்

அத்தியாயம் 9

பூஜை அலமாரியில் பொட்டலம் இல்லை.

சங்கரேஸ்வரி குத்துவிளக்கை நகர்த்திப் பார்த்தாள். விபூதித் தட்டைத் தூக்கிப் பார்த்தாள். முப்பிடாதி அம்மன் படத்துக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினாள். காலண்டர் தாளில் மடித்து நூல் சுற்றிய, எலுமிச்சம்பழ அளவுப் பொட்டலம். வெள்ளிக்கிழமையிலிருந்து அங்கேதான் இருந்தது. நேற்று விளக்கேற்றும்போதுகூட ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, மறுபடி பார்க்கப் பயந்து கும்பிட்டாள். இன்று ஞாயிறு காலை ஏழு மணிக்குக் காணவில்லை.

அந்தப் பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்பது அவளுக்கும் அம்மனுக்கும் மட்டுமே தெரியும். வெள்ளிக்கிழமை நடந்ததைப் பார்த்த உங்களுக்கும் தெரியும்.

மும்பை செம்பூரில் இருக்கும் இந்த வீட்டுக்கு ஒரு கார் வாங்குவதென்று முடிவானதே மாரீஸ்வரிக்காகத்தான். சங்கரேஸ்வரியின் கணவர் இசக்கிராஜின் அக்கா அவள். கணவன் இறந்த பிறகு தம்பியோடு தாராவிக்கு வந்து, அவன் மளிகைக் கடை போட்ட நாளில் கல்லாவில் உட்கார்ந்தவள். இடுப்பில் அறுவைச் சிகிச்சை ஆனபின் அவளால் தாழ உட்கார்ந்து எழ முடியாது. ஆஸ்பத்திரி வாசலில் ஒரு டாக்ஸியில் ஏற அக்கா பட்ட பாட்டைப் பார்த்த இசக்கிராஜ், "ஒனக்குன்னு ஒரு வண்டி வாங்குதேங்க்கா" என்று சொல்லிவிட்டார்.

எந்த வண்டி என்ற கேள்வியில்தான் மகன் ஆதித்யன் உள்ளே வந்தான்.

கடைக்கு வரமாட்டேன், கோபர்கைரனேயில் கம்ப்யூட்டர் வேலைக்குத்தான் போவேன் என்று மகன் சொன்ன நாளிலிருந்து, எட்டு மாதமாக அப்பாவும் மகனும் பேசிக்கொள்வதில்லை. ஒரே மேஜையில் சாப்பிடுவார்கள். உப்பு வேண்டுமென்றாலும் சங்கரேஸ்வரி வழியாகத்தான் கேட்பார்கள். கார் என்றதும் அந்த மௌனத்தில் விரிசல் விழுந்தது. ஆதித்யன் ஒரு பெரிய தாளில் கட்டம் போட்டு, மூன்று வண்டிகளைப் பக்கத்துப் பக்கத்தில் எழுதிக் கொண்டுவந்து அப்பா முன்னால் விரித்தான். அப்பாவுக்கு இங்கிலீஷ் வராது என்பதற்காகத் தமிழிலேயே எழுதியிருந்தான். பள்ளிக்கூடத்தில் தமிழ் படிக்காத பிள்ளை. எழுத்து ஒவ்வொன்றும் நடை பழகும் குழந்தை மாதிரி ஆடியது. அதைப் பார்த்து சங்கரேஸ்வரி சமையலறைக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

முதலாவது, ஜப்பான்காரனின் ஏழு பேர் வண்டி. "டூரிஸ்ட் டாக்ஸி மாதிரி இருக்கு" என்று இசக்கிராஜே அதைத் தள்ளிவிட்டார். அடுத்தது, கொரியாக்காரனின் உயர வண்டி. தாழாமல், நின்ற வாக்கிலேயே ஏறி உட்காரலாம். சர்வீஸ் தெருவுக்குத் தெரு உண்டு. மழைத் தண்ணீருக்கு அஞ்சாது. ஆனால் டீசல் சத்தமும் ஆட்டமும் உண்டு. மூன்றாவது, ஐரோப்பிய ஸ்போர்ட் வேகன். மாட்டுங்காவில் ஒருவர் வைத்திருந்து விற்கிறார். பார்க்கக் காரைப் பின்பக்கமாக இழுத்து நீட்டியது போலிருக்கும்.

"கார் மாதிரி ஓடும்ப்பா, டெம்போ மாதிரி சாமான் புடிக்கும். ரோட்டைக் கட்டிப் புடிச்சிட்டுப் போவும். வளைவுல சாயவே சாயாது. ஏக்தம் மக்கன், வெண்ணெய் மாதிரி!"

"சவ வண்டி மாதிரில்லால இருக்கு" என்றார் இசக்கிராஜ்.

"அப்போ ரொம்ப நல்லது" என்றாள் மாரீஸ்வரி. "ஒரே செலவு. கடைசிப் பயணத்துக்கும் ஆவும்."

மூன்று பேரும் சிரித்தார்கள். அப்பாவும் மகனும் ஒன்றாகச் சிரித்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

ஆனாலும் முடிவு வரவில்லை. உயர வண்டியா, வேகனா? இசக்கிராஜ் கடைசியில், "பூக்கட்டிப் பாத்துருவோம்" என்றார். அவர்கள் வீட்டு வழக்கம் அது. வெள்ளைப் பூ ஒரு பொட்டலத்தில், சிவப்புப் பூ ஒரு பொட்டலத்தில். அம்மன் முன்னால் குலுக்கிப் போட்டு, வீட்டில் பிறந்த பெண் ஒன்றை எடுப்பாள். எடுத்ததே உத்தரவு. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது. பிரித்தால் அம்மனிடம் கணக்குக் கேட்பதாகும். அதை அப்படியே ஓடுகிற தண்ணீரில் விட்டுவிட வேண்டும்.

வெள்ளை என்றால் வேகன். சிவப்பு என்றால் உயர வண்டி.

பொட்டலம் மடித்தவள் சங்கரேஸ்வரி. சிவப்பு அரளியைக் கையில் எடுத்தவள், கதவிடுக்கு வழியே ஆதித்யன் முகத்தைப் பார்த்தாள். சிவப்பு வந்துவிட்டால் அந்தத் தாளைச் சுருட்டிக்கொண்டு அவன் அறைக்குள் போய்விடுவான். கதவு சாத்திக்கொள்ளும். மறுபடி எட்டு மாதம்.

சிவப்பைத் தட்டிலேயே விட்டுவிட்டு, இரண்டு பொட்டலத்திலும் வெள்ளையை மடித்தாள். அவிழ்ந்துவிடாமலிருக்க இரண்டுக்கும் இரட்டை முடிச்சுப் போட்டாள்.

மாரீஸ்வரி கும்பிட்டு ஒன்றை எடுத்தாள். வெள்ளை அரளி. "அம்மனே சொல்லிட்டா. இனி என்ன பேச்சு?" என்றாள். ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. அந்தத் தயங்காமைதான் அன்றிலிருந்து சங்கரேஸ்வரியைத் தூங்க விடவில்லை.

"என்னட்டி, அலமாரிக்குள்ள பூந்துட்டுக் கெடக்க?" கூடத்திலிருந்து இசக்கிராஜ் குரல் கொடுத்தார். "சுடலை வண்டியோட வந்துட்டான். கெளம்பு."

வெளியே வந்தாள். அவர் மேஜையில் உட்கார்ந்து, வண்டிக்காரருக்குக் கொடுக்க அரைக்கிலோ பனங்கற்கண்டைத் தாளில் மடித்துக்கொண்டிருந்தார். யார் வீட்டுக்கும் வெறுங்கையோடு போகமாட்டார். நூலைக் குறுக்கும் நெடுக்கும் நாலு சுற்று சுற்றி, முடிச்சே போடாமல் நுனியை உள்ளே செருகி ஒரு இழு. முப்பத்தைந்து வருடக் கைப்பழக்கம். பிள்ளையின் டிபன் டப்பாவுக்கும் ஒரு காலத்தில் அதே கடைக்கட்டுதான்.

"அலமாரியில ஒரு பொட்டலம் இருந்துச்சே…" என்று ஆரம்பித்தாள்.

"எந்தப் பொட்டலம்?" அவர் நிமிரவில்லை.

"ஒண்ணுமில்ல."

அவளுடைய தம்பி சுடலைக்கண்ணன் கடை வேனைக் கொண்டுவந்திருந்தான். தாராவியில் கராஜ் வைத்திருக்கிறான். கார் வாங்குகிற எந்தத் தமிழனும் அந்தப் பக்கத்தில் அவன் தலையாட்டாமல் வாங்கமாட்டான். மாரீஸ்வரி வேனின் முன் இருக்கையில் கைப்பிடியைப் பிடித்து ஒரு காலை வைத்தாள், ஏறிவிட்டாள். மூட்டை ஏற்றுகிற பழைய வேன். அதில் ராணி மாதிரி உட்கார்ந்து, "போப்பா டிரைவர்" என்றாள்.

"மைனி, டிரைவர்ன்னா டீக்காசு உண்டுல்லா?"

"முதல்ல மாட்டுங்கா வரைக்கும் உருட்டு. பொறவு பாப்போம்."

பின்னால் அரிசி வாசனைக்கு நடுவே கணவரோடும் மகனோடும் உட்கார்ந்திருந்த சங்கரேஸ்வரி, அந்த உயர்ந்த இருக்கையையும் அதில் நிமிர்ந்திருந்த வெள்ளைத் தலையையும் பார்த்துக்கொண்டே வந்தாள். மடியில் மகனுடைய தாள். இஞ்சின், மைலேஜ், பிரேக், சாமான் இடம் என்று பதினொரு வரி எழுதியிருந்தான். இருக்கை தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்ற வரி அதில் இல்லை. அவன் மறந்துவிட்டான். அவள் மறக்கவில்லை. தெரிந்தே வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

மாட்டுங்காவில் பழைய மூன்று மாடிக் கட்டடம். கீழே மரநிழலில் அந்த வேகன் நின்றது. கருநீலம். அழகுதான், பொய் சொல்லக் கூடாது. ஆதித்யன் அதை ஒருமுறை சுற்றி வந்து, யாரும் பார்க்காதபோது பின்கண்ணாடியைத் தடவினான்.

"வாங்கோ வாங்கோ" என்று இறங்கிவந்தார் வண்டிக்காரர் சங்கரநாராயணன். கம்பெனி உத்தியோகத்திலிருந்து ஓய்வுபெற்றவர். மகளோடு இருக்க வெளிநாடு போகிறார். பனங்கற்கண்டைக் கையில் வாங்கியதும், "இதெல்லாம் எதுக்கு? இப்பல்லாம் யார் இப்படிக் கட்டறா! கட்டைப் பிரிக்கவே மனசு வரலையே" என்றார். இசக்கிராஜ் ஏனோ அந்தப் புகழ்ச்சிக்குச் சிரிக்கவில்லை.

சுடலைக்கண்ணன் வேலையைத் தொடங்கினான். பானட் திறந்து போல்ட்டுகளில் ஸ்பானர் பட்ட தடம் தேடினான். தரை விரிப்பைத் தூக்கி மூக்கை வைத்து மோந்தான். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்து, நுனியில் சேறு இருக்கிறதா என்று பார்த்தான்.

"அது எதுக்கு மாமா?" என்றான் ஆதித்யன்.

"மழையில முங்குன வண்டிய எப்படிக் கழுவினாலும், பெல்ட்டு நுனியக் கழுவ எவனுக்கும் தோணாது. இது முங்கல." எழுந்து கையைத் துடைத்தான். "சுத்தம் அத்தான். ஒரு பார்ட் போனா கப்பல்ல வரணும். வேகத்தடையில வயிறு உரசும், கிங் சர்க்கிள்ல தண்ணி நின்னா வீட்டுல நிறுத்திரணும். அது வேற. ஆனா வண்டி சுத்தம். ஆறு வருசத்துல வெறும் பத்தொம்பதாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு. புதுப்பொண்ணு!"

"பாத்தீங்களாப்பா?" ஆதித்யன் அப்பாவைப் பார்த்தே கேட்டான். அம்மாவைப் பார்க்கவில்லை.

"பாத்தேன்ல, பாத்தேன்" என்றார் இசக்கிராஜ். சங்கரேஸ்வரிக்கு நெஞ்சு நிறைந்தது. நிறைந்த நெஞ்சே முள்ளாகவும் குத்தியது.

"அத்தை, நீங்க முன்னால உக்காருங்க."

மாரீஸ்வரி கைத்தடியைச் சாய்த்துவிட்டு, கதவைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாகத் தாழ்ந்தாள். தாழத் தாழ இருக்கை வரவில்லை. கடைசிச் சாண் தூரத்தைத் தொப்பென்று விழுந்துதான் கடந்தாள். உதட்டைக் கடித்தது ஒரு கணம். பிறகு சிரித்தாள். "மெத்துன்னு இருக்கு மக்கா."

இதைப் பார்த்த சங்கரநாராயணன் மெதுவாகச் சங்கரேஸ்வரியின் அருகே வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அம்மா, ஒண்ணு சொல்லணும். சொல்லாம வித்தா எனக்குப் பாவம். வண்டி ஏன் ஓடலைன்னு உங்க தம்பி கேக்கலை. என் ஆத்துக்காரிக்கு முழங்கால் போயிடுத்து. இதுல இறங்கி உக்காரவும் முடியலை, ஏறி வரவும் முடியலை. அவ இல்லாம நான் மட்டும் எங்க போறது? அப்படியே நின்னுடுத்து. போன வருஷம் அவளும் போயிட்டா." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாலு மணிக்குத் தாணேலேர்ந்து ஒருத்தர் வண்டி பாக்க வரார். அவர் சின்ன வயசுக்காரர். உங்களுக்கு வேண்டாம்னா எனக்கு ஒரு மனக்குறையும் இல்லை. ஒரு நடை கோயிலுக்கு ஓட்டிண்டு போய், யோசிச்சுட்டு வாங்கோ."

சாவியை ஆதித்யன் கையில் கொடுத்தார். விற்க வந்தவருக்கே இந்த மனசாட்சி. வீட்டுக்காரி தனக்கு? சங்கரேஸ்வரியால் அவரை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. கையெடுத்துக் கும்பிட்டாள்.

கோயில் இரண்டு தெரு தள்ளித்தான். வண்டி வழுக்கிக்கொண்டு போனது. ஆதித்யன் பேசிக்கொண்டே ஓட்டினான். பின்னாலிருந்து இசக்கிராஜ் கேள்வி கேட்டுக்கொண்டே வந்தார். தாயின் காது இரண்டு குரலையும் குடித்தது. கண் மட்டும், முன் இருக்கைக் கைப்பிடியை இறுகப் பற்றியிருந்த அந்தக் கிழ விரல்களை விட்டு நகரவில்லை.

கோயில் வாசல் வந்தது. மாரீஸ்வரி ஒரு காலை வெளியே வைத்தாள். எழுந்தாள், எழவில்லை. இன்னொரு முறை உந்தினாள். கழுத்து நரம்பு புடைத்தது.

"அத்தை, நான் தூக்குறேன்."

"வேண்டாம் மக்கா. பூசணிக்காயா நான்?" மூச்சு வாங்கியது. "நீங்க போய்ட்டு வாங்க. நான் இங்ஙன இருந்தே கும்பிட்டுக்கிடுதேன்."

மாட்டுங்காவுக்கு வந்து கோயிலுக்குள் போகாமல் மாரீஸ்வரி திரும்பியதில்லை. தாராவியிலிருந்து நடந்தே வந்த நாள்கள் உண்டு. ஆதித்யன் நீட்டிய கையை மெல்ல மடக்கிக்கொண்டான். அப்பாவோடு உள்ளே போனான். சுடலைக்கண்ணன் பின்னால் போனான்.

"நான் மைனிகூட இருக்கேன்" என்று சங்கரேஸ்வரி நின்றுவிட்டாள். டிரைவர் இருக்கையில் வந்து உட்கார்ந்தாள். தெருவில் பூக்காரியின் குரல். வண்டிக்குள் ஒரு சத்தமும் இல்லை. அவ்வளவு உசத்தியான வண்டி.

மாரீஸ்வரி வேர்வை துடைக்கக் கைப்பையைத் திறந்து கைக்குட்டையை எடுத்தாள். கூடவே வெளியே வந்து மடியில் விழுந்தது அந்தப் பொட்டலம்.

"இதத்தான காலையில தேடுன?" என்றாள். "மூணு நாளா அலமாரியிலேயே கெடக்கு. ஓடுற தண்ணிக்கு மும்பையில எங்கட்டி போவ? திரும்பும்போது தாதர் கடல்ல விட்டுருவோம்னு எடுத்து வச்சேன். நான் பிரிக்கல."

பிரிக்கல என்ற அந்த ஒரு சொல்தான். சங்கரேஸ்வரியின் கட்டு அறுந்தது.

"பிரிங்க மைனி."

"என்னட்டி சொல்லுத? தப்பு."

"தப்பு நான் பண்ணிட்டேன் மைனி. அதுலயும் வெள்ளைதான் இருக்கு. ரெண்டுலயும் வெள்ளை. நீங்க எதை எடுத்தாலும் இந்த வண்டிதான் வரும்." அழுகையில் சொற்கள் முட்டிக்கொண்டு வந்தன. "அவன் அப்பாகூட பேசுறது நின்னுருமோன்னு… நீங்க கஷ்டப்படுவீங்கன்னு தெரியும். தெரிஞ்சேதான் செஞ்சேன். அம்மனையும் ஏமாத்திட்டேன், ஒங்களையும் ஏமாத்திட்டேன். அன்னைக்கு ஒரு வார்த்தை நீங்க முணங்கியிருந்தாகூட எனக்குப் பாரம் கொறைஞ்சிருக்கும்."

மாரீஸ்வரி கோபுரத்தையே பார்த்திருந்தாள். அதற்குப் பதில் நாலு அறை கொடுத்திருக்கலாம் என்று சங்கரேஸ்வரிக்குத் தோன்றியது.

"எனக்கு வலிச்சுது ஈஸ்வரி" என்றாள் கடைசியில். "வலிக்கும்னுதான் நெனச்சேன். ஆனா அம்மன் குடுத்த வலின்னு நெனச்சா தாங்கிக்கிடலாம்லா? அதான் சிரிச்சேன்."

இதைவிட எந்தக் கோபம் ஒருத்தியைச் சுடும்?

மாரீஸ்வரி பொட்டலத்தைக் கையில் எடுத்தாள். நூல் நுனியை நகத்தால் ஒரு இழு இழுத்ததும் மொத்தக் கட்டும் நழுவிக்கொண்டு வந்தது. தாளை விரித்தாள்.

சிவப்பு அரளி.

சங்கரேஸ்வரிக்கு மயிர்க்கூச்செறிந்தது. "நான் வெள்ளைதான் வச்சேன் மைனி! சத்தியமா வெள்ளைதான்!" தன்னையறியாமல் கோயிலைப் பார்த்துக் கைகூப்பினாள். "அம்மா… தாயே… நீயே மாத்திட்டியா?"

மாரீஸ்வரி நூலைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். முடிச்சுப் போட்ட தடமே அதில் இல்லை. அவள் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது. சிரிப்போடு கண்ணும் நிறைந்தது.

"அம்மனுக்கு ஆயிரம் வேலை தெரியும். கடைக்கட்டு கட்டத் தெரியாதுட்டி."

சங்கரேஸ்வரி நூலைப் பார்த்தாள். காலையில் மேஜைமேல் பார்த்த அதே குறுக்குச் சுற்றின் மடிப்புகள் தாளில் பதிந்திருந்தன.

அவருக்குத் தெரிந்திருக்கிறது. வெள்ளிக்கிழமையே தெரிந்திருக்கலாம், தட்டில் அவள் விட்டுவந்த சிவப்பு அரளி குறையாமல் கிடந்ததைப் பார்த்திருக்கலாம். நாளைக்கு யாராவது பிரித்தால் மனைவி தலைகுனியக் கூடாதென்று வெள்ளையை எடுத்துவிட்டுச் சிவப்பை வைத்திருக்கிறார். வைத்துவிட்டு, அக்காவை இந்தத் தாழ்ந்த வண்டியில் ஏற்றவும் புறப்பட்டு வந்திருக்கிறார்.

"புருசன் பொண்டாட்டி ரெண்டு பேருமா சேந்து ஒரு தெய்வத்தை ஏமாத்தியிருக்கீங்க" என்றாள் மாரீஸ்வரி. "நல்ல சோடிதான். நான் பாத்துக் கட்டி வச்சதுல்லா!"

எதிரே அவர்கள் வந்துகொண்டிருந்தார்கள். அப்பா நெற்றியிலும் மகன் நெற்றியிலும் ஒரே மாதிரி விபூதி. இசக்கிராஜின் உள்ளங்கையில் அக்காவுக்கும் விபூதி. சன்னல் ஓரம் குனிந்தவர், அவள் மடியில் விரிந்து கிடந்த தாளையும் சிவப்புப் பூவையும் பார்த்தார். விபூதி நீட்டிய கை அப்படியே நின்றது.

"அக்கா…"

"முதல்ல வை." மாரீஸ்வரி நெற்றியை நீட்டினாள். அவர் வைத்த விபூதி மூக்கிலும் கொட்டியது.

"எனக்கும் அவன் பேச்சக் கேக்கணும்போல இருந்துச்சுக்கா" என்றார், மகனுக்குக் கேட்காத குரலில்.

"என்னப்பா? என்ன பூ அது?" ஆதித்யன் அப்பாவின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான்.

இசக்கிராஜ் வாய் திறந்தார். பழியைத் தன்மேல் போட்டுக்கொள்ளத்தான் திறக்கிறார் என்று சங்கரேஸ்வரிக்குப் புரிந்தது. இத்தனை வருடத்தில் அந்த முகம் அவளுக்குப் பாடம். இதையும் அவர் சுமக்க விட்டால், இனி அலமாரி முன்னால் நின்று விளக்கேற்ற முடியாது.

கதவைத் திறந்து இறங்கினாள். மகன் எதிரில் வந்து நின்றாள். அவன் இனிமேல் எட்டு மாதமல்ல, எட்டு வருடம் பேசாமல் போனாலும் சரி.

"ஆதி, இந்த வண்டிய அம்மன் சொல்லல. அம்மா சொன்னேன்."

அவன் ஒன்றும் விளங்காமல் பார்த்தான். பிறகு அத்தையின் மடியைப் பார்த்தான், அப்பாவின் குனிந்த தலையைப் பார்த்தான். விளங்கத் தொடங்கியது முகத்தில் தெரிந்தது.

"மத்லப்… அப்படின்னா எல்லாருக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது?"

அவன் அப்பாவைத் தாண்டிப் போய், அத்தையின் கதவருகே தரையில் முழங்கால் போட்டு உட்கார்ந்தான். அவளுடைய ஒரு கையை எடுத்துத் தன் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டான்.

"அத்தை, வாங்க. கோயில் நடை சாத்துறதுக்குள்ள போயிட்டு வந்துருவோம்."

இந்த முறை மாரீஸ்வரி வேண்டாமென்று சொல்லவில்லை.

அவளைத் தாங்கிக்கொண்டு படியேறியவன் திரும்பி, அம்மாவைத் தாண்டி, அப்பாவை நோக்கி எதையோ வீசினான். இசக்கிராஜ் இரண்டு கையாலும் பிடித்தார்.

வேகனின் சாவி. இன்னும் அவன் கைச்சூடு ஆறவில்லை.

கோயில் கடிகாரத்தில் மணி பதினொன்று. நாலு மணிக்குத் தாணேக்காரர் வந்துவிடுவார்.

அந்தச் சாவியைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னானா, அல்லது இனி உங்களோடு பேச்சில்லை என்று சொன்னானா? சாவியையும் மகனின் முதுகையும் மாறி மாறிப் பார்த்தபடி, தம்பதி இருவரும் தெருவில் நின்றார்கள். கணவர் கையில், அக்கா எழுந்தபோது மடியிலிருந்து விழுந்த பொட்டல நூல் இருப்பதை அவள் அப்போதுதான் கவனித்தாள். அவர் அதைத் தன் விரலில் சுற்றிச் சுற்றி, முடிச்சே போடாமல் செருகிக்கொண்டிருந்தார்.